கறிவேப்பிலைப் புழுவைத் தொட்டால் உயிர் போகாது

“கறிவேப்பிலையில் வரும் பச்சைப் புழு பாம்பு போல நாக்கை நீட்டி விஷம் கக்கும், தொட்டால் மரணம்” என்று நாகர்கோவில், தக்கலை வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. இது பொய். அது காமன் மார்மன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. கொட்டாது, விஷம் கக்காது.

குட்டிப் புழு பறவை எச்சம் போலத் தெரியும். கடைசிப் பருவத்தில்தான் பச்சையாகி, முன்பக்கம் கண் போன்ற குறி வரும். சீண்டினால் தலைக்குப் பின்னால் சிவப்பாக நீள்வது நாக்கே இல்லை. எறும்பு போன்ற எதிரிகளை விரட்ட வாடை விடும் உறுப்பு. அப்புறம் பட்டுநூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். வெளிவரும் ஆண் கறுப்பு, பின்னிறகில் வெள்ளைப் பொட்டு வரிசை.

‘பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் இந்தியா’ இணையதளத்தில் ஒவ்வொரு பருவத்தின் படத்தையும் ஒப்பிடலாம். பயந்து மருந்து அடிக்காதீர்கள், பாவம்; நாலு இலை போனால் போகட்டும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.