பதினாறு கட்டங்களுக்குள் என் நஷ்டம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிரேடிங் (பங்குகளை வாங்கி விற்கும்) குழுவின் நேரலையில், எந்த ஆளுமை வகையினர் எப்படி டிரேட் செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர் திரையில் ஓட்டிய அந்தப் பதினாறு கட்டப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு, நான் எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள். அன்றிரவே எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியதாகச் சொல்லிவிடுவார்கள் என்று மூன்று நாள் பொறுத்தேன். கோபம் குறையவில்லை, வாக்கியங்கள் மட்டும் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்திருக்கின்றன.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய சுபாவம் அவர் டிரேட் செய்யும் விதத்தைப் பாதிக்கும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நாற்பது கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் வாங்கிக்கொண்டு, நீ ஸ்கால்ப்பிங் (நிமிடக் கணக்கில் வாங்கி விற்பது) செய்யப் பிறந்தவன், நீ ஸ்விங் டிரேடிங்குக்கு (சில நாட்கள் வைத்திருந்து விற்பது) பொருத்தமானவள், நீ சந்தைப் பக்கமே வராதே என்று சீட்டு எழுதிக் கொடுப்பது ஜாதகப் பொருத்தம் பார்ப்பதற்கு ஒப்பானது. ஜாதகம் பார்ப்பவராவது கிரகத்தின் மேல் பழியைப் போடுவார். இவர்கள் நம் மேலேயே போட்டுவிடுகிறார்கள்.

மனிதர்களின் சுபாவத்தை நான்கு எழுத்துகளால் குறித்துப் பதினாறு வகையாகப் பிரிக்கும் இந்த வகைப்பாட்டின் (எம்பிடிஐ) வேர் 1921இல் உளவியலாளர் கார்ல் யுங் எழுதிய நூலில் இருக்கிறது. அதை வினாத்தாளாக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற தாயும் மகளும். இருவரும் முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனிதர்களைப் புரிந்துகொள்ளத்தான் அவர்கள் அதை உருவாக்கினார்களே தவிர, யார் எந்த விலைச் சார்ட்டை எத்தனை நிமிட இடைவெளியில் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளிப்பதற்காக அல்ல. உள்முகச் சுபாவம் உடையவர் (அதிகம் பேசாமல் தனக்குள்ளேயே யோசிப்பவர்) ஐந்து நிமிடச் சார்ட்டைப் பார்க்கக்கூடாது என்று யுங் எங்கே சொன்னார் என்று கேட்டால், நேரலையில் என் ஒலியை அணைத்துவிடுகிறார்கள்.

"ஆனால் எனக்கு அப்படியே பொருந்தியதே!" என்று பின்னூட்டத்தில் பலர் எழுதியிருந்தீர்கள். பொருந்தத்தான் செய்யும். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது போல ஒரு குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. 1949இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்த பிறகு, "நீங்கள் லாபத்தைச் சீக்கிரம் எடுத்துவிடுவீர்கள், நஷ்டத்தை விட மனம் வராது" என்று எனக்கு வந்த அறிக்கையைத் திறந்து பார்த்தேன். லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்றுவிட்டு நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழுவது பொதுவான மனித வழக்கம் என்று ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற ஆய்வாளர்கள் 1985லேயே பெயர் சூட்டி எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் வரும் சளியை எனக்கு மட்டுமான நோய் என்று சொல்லி மருந்து விற்றிருக்கிறார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அன்றைய நேரலையில் அந்தக் கதையைத்தான் என் அனுமதி இல்லாமல் எடுத்து வைத்தார்கள்.

நான் அதிகம் பேசாத ஆள். அவர்களுடைய பட்டியலின்படி நிதானம், பொறுமை, நீண்டகால முதலீடு ஆகியவை என் கட்டத்தில் இருக்கின்றன. அந்தப் பொறுமைசாலி ஒருநாள் காலையில் முதல் டிரேடில் நஷ்டம் வந்ததும், அதை மீட்டே தீர வேண்டும் என்று சந்தை முடிவதற்குள் 23 டிரேட் போட்டார். ஏழாவதா எட்டாவதா நினைவில்லை, அதில் ஸ்டாப் லாஸை (விலை அந்தக் கோட்டுக்கு இறங்கினால் தானாக விற்று நஷ்டத்தை நிறுத்தும் ஏற்பாடு) மூன்று முறை கீழே இறக்கினேன். அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தொலைபேசியை மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு, விரலால் அந்தக் கோட்டை இழுத்துக் கீழே விட்டேன். விலை அதை நெருங்கியதும் மறுபடி இழுத்தேன். யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள், தலையாட்டினேன். என் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. அமைதியான ஆள் என்று எல்லோரும் சொல்வது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

என் தோழி ஒருத்தி இதற்கு நேர்மாறு. வாய் ஓயாது, எதிலும் அவசரம், வரிசையில் நிற்க மாட்டாள். பட்டியலின்படி அவள் நிமிடத்துக்கு ஒரு டிரேட் போட வேண்டியவள். மாதத்துக்கு இரண்டு போட்டால் அதிகம். ஒரு பொசிஷன் எடுப்பதற்கு முன் நான்கு பேரிடம் அதைப் பற்றிப் பேசுகிறாள், நால்வரில் ஒருவராவது "ஏன் வாங்குகிறாய்?" என்று கேட்கிறார், பாதி எண்ணங்கள் அங்கேயே செத்துவிடுகின்றன. என்னைக் கேட்க ஆள் இல்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்வதில்லை. அமைதியான சுபாவம் என்னைக் காப்பாற்றவில்லை. நான் செய்துகொண்டிருந்ததை மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைத்தது. சுபாவம் வேலை செய்கிறது என்று நான் ஒப்புக்கொள்வது இந்த அர்த்தத்தில்தான். அது பட்டியல் போட்டவர்கள் நினைத்த திசையில் வேலை செய்யவில்லை.

அந்த 23 டிரேட் நாளைப் பற்றி இரண்டு வருடங்களுக்கு முன் குழுவில் எழுதினேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நினைத்து எழுதியது அது. அதைத்தான் அன்று, பெயரைச் சொல்லாமல், ஆனால் குழுவில் எல்லோருக்கும் யார் என்று தெரியும்படி, "தவறான வகைக்குள் நுழைந்த உள்முகர்" என்ற தலைப்பில் திரையில் போட்டார் பயிற்சியாளர். இருநூறு பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். அவர்களில் பத்துப் பேராவது என்னிடம் தனிச்செய்தியில் தங்கள் நஷ்டத்தைச் சொல்லி அழுதவர்கள்.

"அறிவியல் ஆய்வுகள் இருக்கின்றனவே" என்பவர்களுக்கு. இருக்கின்றன. ஆண்ட்ரூ லோ, டிமிட்ரி ரெப்பின், ப்ரெட் ஸ்டீன்பார்கர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஐந்து வாரப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்த 80 டே டிரேடர்களை (அன்றே வாங்கி அன்றே விற்பவர்களை) ஆராய்ந்து 2005இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆளுமை வினாத்தாளிலிருந்து 'டிரேடருக்கான ஆளுமை' என்று தனியாக ஒன்றும் தேறவில்லை. லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் யாருடைய உணர்ச்சி அதிகமாகக் கொந்தளித்ததோ, அவர்களுடைய முடிவுகள் மோசமாக இருந்தன. கவனியுங்கள், நஷ்டத்துக்கு மட்டுமல்ல, லாபத்துக்குத் துள்ளிக் குதித்தவர்களும் அதில் சேர்த்தி. பேசுகிறவரா பேசாதவரா என்பதைவிட, பணம் ஏறி இறங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. அதை நாற்பது கேள்வியில் கண்டுபிடிக்க முடியாது. நஷ்டத்தில் இருக்கும்போது உங்கள் கையைப் பார்த்தால் தெரியும்.

பார்பர், ஓடியன் என்ற ஆய்வாளர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் பங்குக் கணக்குகளைப் பார்த்தார்கள். அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது. அதே காலத்தில் சந்தை கொடுத்தது 17.9 சதவீதம். எந்த வகைக்காரராக இருந்தாலும் அளவுக்கு மீறி வாங்கி விற்றால் வாங்கி விற்கும் செலவே லாபத்தைத் தின்றுவிடுகிறது. இந்த ஒரு தகவலை இலவசமாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பயிற்சி விற்க முடியாதே!

"ஆமைகள்" கதையை யாராவது எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். நானே எடுக்கிறேன். டிரேடிங் கற்றுக்கொடுக்கக்கூடியதா, பிறவியிலேயே வருவதா என்று அமெரிக்க டிரேடர்களான ரிச்சர்ட் டென்னிஸுக்கும் வில்லியம் எக்கார்ட்டுக்கும் விவாதம். கற்றுக்கொடுக்கலாம் என்ற டென்னிஸ் 1983இல் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்து, இரண்டு வாரம் விதிகளைச் சொல்லிக்கொடுத்துத் தம் பணத்தையே கொடுத்தார். "ஆமைகள்" என்று பெயர் பெற்ற அவர்களில் பலர் நன்றாகவே சம்பாதித்தார்கள். அவர்களும் வடிகட்டித்தானே எடுக்கப்பட்டார்கள் என்றால், ஆம், வினாத்தாள்கூட இருந்தது. இந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் தேர்வான எல்லோருக்கும் அவர் கற்றுக்கொடுத்தது ஒரே விதிகளைத்தான், ஆளுக்கொரு விதி இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

இப்போது என் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு டிரேடுக்கும் எதிரே இரண்டு வரிகள் எழுதுகிறேன்: ஏன் எடுத்தேன், யாரிடம் சொன்னேன். இரண்டாவது வரி காலியாக இருந்தால் பாதி அளவுதான் எடுப்பது. எந்த வகையும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. மேசைக்கு அடியில் இழுத்த அந்தக் கோடு சொல்லித் தந்தது. மூக்கு உடைபட்ட பிறகு வந்த புத்தி என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம், அந்த இருநூறோடு இன்னும் சில.

நான் விமர்சனத்தைத் தாங்காதவன் என்று பெயர் வாங்கிவிடக் கூடாதே என்று, என் கதை வந்த பக்கத்தை மட்டும் நேரலைப் பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று பயிற்சியாளருக்கு நேற்றிரவு மிகவும் மரியாதையாக எழுதினேன். காலையில் பதில் வந்தது: "உங்கள் வகையினர் விமர்சனத்தைத் தாங்க மாட்டார்கள் என்று நான்காவது அமர்விலேயே சொல்லியிருக்கிறோம்."