தோர்ணாவிலிருந்து தெரியும் ராஜ்கட்

சிவாஜி தோர்ணா கோட்டையைப் பிடித்தபோது அவருக்கு வயது 16. ஆண்டு 1646 என்று பொதுவாகச் சொல்வார்கள். பள்ளியில் இதை ஒரே வரியில் படித்துவிட்டுத் தாண்டிப் போனோம். இப்போதும் அவரது பிறந்தநாள் வந்தால் போதும், உருவிய வாளோடு மலையுச்சியில் நிற்கும் சிறுவனின் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒப்புவதில்லை. தோர்ணாவின் பெருமை அந்த வாளில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

போன வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு வெல்ஹே கிராமத்திலிருந்து அந்த மலையில் ஏறினேன். புனே மாவட்டத்து மலைக்கோட்டைகளிலேயே உயரமானது இதுதான், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர். பினி வாசலை நெருங்கும் இடத்தில் பாதை பாறையை ஒட்டிக் குறுகிவிடுகிறது. பதித்து வைத்திருக்கும் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற வேண்டும். மேலேயிருந்து பத்துப் பேர் கல்லை உருட்டினால் கீழே ஒரு படையே நிற்க முடியாது. மாவள் பள்ளத்தாக்கின் விவசாயப் பிள்ளைகள் சில நூறு பேரை வைத்துக்கொண்டு இதை மோதிப் பிடிக்க நினைப்பது வீண். அது அந்த மலையிலேயே ஓடியாடி வளர்ந்த ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அவர் பார்த்தது நேரத்தை. தோர்ணாவை அப்போது வைத்திருந்த பீஜப்பூர் சுல்தான் முகமது அடில் ஷா நோயில் படுத்துவிட்டார். தலைநகரின் கவனம் சிதறியது. தூரத்து மலைக்கோட்டைகளில் காவலும் அக்கறையும் குறைந்தன. பெரிய சண்டை ஏதும் இல்லாமலே தோர்ணா கைமாறியது என்றுதான் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அப்புறம் நடந்ததாக அவை சொல்வது எனக்கு இன்னும் பிடித்தது. பீஜப்பூருக்குத் தூது அனுப்பி, சுல்தானின் நன்மைக்காகவே கோட்டையை எடுத்ததாகவும், முன்பைவிடக் கூடுதல் வருவாய் செலுத்துவதாகவும் சொல்ல வைத்தாராம். கோட்டையைப் பிடித்துவிட்டுப் பணிவாகச் சேதி அனுப்ப எவ்வளவு நிதானம் வேண்டும்! அதுவும் 16 வயதில்!

கோட்டையைச் செப்பனிட்டபோது புதையல் கிடைத்தது என்பது மராத்தியர் வழிவழியாகச் சொல்லும் கதை. அதை ஆடம்பரத்தில் கரைக்காமல், எதிரே இருந்த முரும்பதேவ் மலையில் புதுக் கோட்டை கட்டப் போட்டாராம். அதுதான் ராஜ்கட். ராய்கட்டுக்குப் போகும்வரை 20 ஆண்டுகளுக்கு மேல் அதுவே அவரது தலைநகர்.

இந்த வெற்றிகளுக்குக் கொடுத்த விலையைத்தான் நாம் பேசுவதே இல்லை. சிவாஜியின் தந்தை ஷாஜி பீஜப்பூரின் தளபதி. மகன் ஒவ்வொரு கோட்டையாக எடுத்துக்கொண்டிருந்தபோது, தந்தை அதே சுல்தானின் படையோடு தெற்கே நின்றார். 1648இல் சுல்தானின் ஆட்களே அவரைக் கைது செய்தார்கள். எங்கே தெரியுமா? நம் செஞ்சிக்குப் பக்கத்தில், கோட்டையை முற்றுகையிட்டிருந்த பாளையத்தில். அதற்கு வேறு காரணங்களும் சொல்லப்படுவதுண்டு. ஆனால் மகனின் போக்கு அதில் பெரும் பங்கு வகித்தது என்றே நினைக்கிறேன். மறு ஆண்டு தந்தை விடுதலையானபோது, அதற்கு ஈடாகச் சிவாஜி கொண்டாணா கோட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிற்பாடு சிங்ககட் என்று பேர்பெற்றது அதுதான். தந்தையின் உயிரா, கோட்டையா என்று வந்தபோது தயங்காமல் கோட்டையை விட்டுக்கொடுத்த அந்த இளைஞரைத்தான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசைப்படுகிறேன்.

தந்தை சிறைப்பட்ட அந்த செஞ்சியை 1677இல் மகன் பிடித்தார். அவருக்குப் பிறகு, முகலாயர் துரத்தியபோது சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் ஓடிவந்து தங்கியதும் அங்கேதான். முகலாயர் அங்கே போட்ட முற்றுகை 1690 முதல் 1698 வரை நீண்டது. செஞ்சிக்குப் போகிறவர்கள் ராணிக்கோட்டையிலும் ராஜகிரியிலும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இந்த மூன்று தலைமுறைக் கதையை அங்கே யாராவது நமக்குச் சொல்ல வேண்டும்.

2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியரின் 12 கோட்டைகளைச் சேர்த்தது. செஞ்சி இருக்கிறது, ராஜ்கட் இருக்கிறது, சிவாஜி பிறந்த சிவநேரி இருக்கிறது. தோர்ணா இல்லை. செஞ்சிக்காக அன்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் பட்டியலில் தோர்ணாவைத் தேடித் தேடிப் பார்த்துக் காணாதபோது மனசு வலித்தது.

அன்று உச்சியில் மெங்காய் தேவி கோயில் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மேகம் சற்று விலகியதும் எதிரே ராஜ்கட் தெரிந்தது. கூட வந்த உள்ளூர்ப் பெரியவர் கையை நீட்டிக் காட்டி, “இங்கே கிடைத்த காசில் கட்டியது” என்றார், தன் வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல.