சறுக்குமரமான பிக்காசோ

சிகாகோவுக்கு வேலைக்கு வந்த புதிதில் மகளை டேலி பிளாசா என்ற சதுக்கத்துக்கு அழைத்துப் போனேன். ஓவியர் பிக்காசோ வடிவமைத்த, 50 அடி உயரத் துருநிற எஃகு உருவம் அங்கே நிற்கிறது. பின்னாலிருக்கும் கட்டடமும் அதே எஃகுதான். துருவே மேல்பூச்சாக நின்று காக்கிற ரகம். "இது பிக்காசோ..." என்று ஆரம்பித்தேன். அவள் எங்கே கேட்டாள்? அடியில் சரிந்திருக்கும் தகட்டில் நாலைந்து பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்த் தவழ்ந்து ஏறினாள், பாதியில் வழுக்கினாள், மறுபடி ஏறினாள்.

எனக்குத்தான் பதைப்பு. யாராவது விசில் ஊதி விரட்டுவார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

இத்தனைக்கும் 1967 ஆகஸ்ட் 15இல் (ஆமாம், நம் சுதந்திர தினம்) திரை விலகியபோது ஊரே முகம் சுளித்தது. பெண்ணா, நாயா, குரங்கா என்று கேலி. இதை எடுத்துவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வையுங்கள் என்றார் ஒரு நகரமன்ற உறுப்பினர். பிக்காசோ இது என்னவென்று விளக்கவே இல்லை. தர முன்வந்த ஒரு லட்சம் டாலரையும் வாங்காமல் ஊருக்கே அன்பளிப்பு என்றுவிட்டார். அமெரிக்காவில் அவர் கால் வைத்ததே இல்லை. 1970இல் இதன் பதிப்புரிமையும் யாருக்கும் கிடையாது, பொதுச்சொத்து என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது யாரென்று தெரியாததுதான் இதன் அதிர்ஷ்டம் என்பேன். நம் ஊரில் சிலை என்றால் பெயர் உண்டு, பெயருக்குப் பின்னால் ஆட்கள் உண்டு. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அம்பேத்கர் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். கூண்டு போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிலையின் தலையை உடைக்க ஆள் இருக்கும்போது வேறென்ன செய்வது? மெரினாவில் 1959இலிருந்து பாறையை நெம்பிக்கொண்டிருக்கும் உழைப்பாளர் நால்வருக்குப் பெயர் இல்லை, கூண்டும் இல்லை.

தலைவர்களுக்குச் சிலை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்கு ஒரு பூங்காவிலாவது இன்னதென்று யாரும் சொல்ல முடியாத ஒன்றை, அடியில் ஒரு சரிவோடு வைக்கலாம். சரி, ஒன்றே ஒன்று: அதை மரநிழலில் வையுங்கள். நம் மே மாத வெயிலில் இரும்பில் சறுக்கினால் தொடைத்தோல் உரிந்துவிடும்.