அந்த 'இலவச மருந்து' செய்தியை இனி அனுப்பாதீர்கள்

'இமிடினெஃப் மெர்சிலெட் என்ற மருந்து ரத்தப் புற்றுநோயை முழுசாகக் குணமாக்கும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இலவசம்' என்ற பழைய செய்தி தஞ்சாவூர், திருவாரூர் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. மன்னார்குடியில் ஒரு அக்கா அந்தப் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி, மகனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு மடித்து வைத்திருந்தார். சென்னைக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அந்தப் பெயரில் மருந்தே கிடையாது. இமாடினிப் மெசிலேட் என்பதுதான் இப்படிச் சிதைந்திருக்கிறது. அது நல்ல மருந்துதான். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில், செல்களைத் தாறுமாறாகப் பெருகவைக்கும் ஒரு புரதத்தைத் தடுக்கிறது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு எத்தனையோ பேரின் ஆயுளை நீட்டித்திருக்கிறது. வேறு சில புற்றுநோய்களுக்கும் தருவதுண்டு. ஆனால் எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் அல்ல. எந்த வகை என்று பரிசோதித்த பிறகே டாக்டர் எழுதுவார்.

அடையாறு மருத்துவமனையே இச்செய்தியை மறுத்திருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, ஊராரிடம் நிதி திரட்டி 1954-இல் தொடங்கிய இடம் அது. உதவ நினைப்பவர்கள் அங்கே நேரடியாக நன்கொடை கொடுக்கலாம்.

சந்தேகம் இருந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் செய்யுங்கள், அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். செய்தி உங்களுக்கு வந்தால் அழித்துவிட்டு, அனுப்பியவருக்கும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.