பயிற்சி முடிந்தது, கேட்கத் தெரிந்ததா?

கிராம சுகாதாரச் செவிலியர்களையும் அங்கன்வாடி ஊழியர்களையும் குடும்ப வன்முறைத் தடுப்புப் பயிற்சிக்கு அழைத்தால், பாதி நாள் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை வாசிப்பதிலேயே கரைந்துவிடுகிறது. பிரிவு எண் தெரியாமல் எந்தச் செவிலியரும் தடுமாறுவதில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கர்ப்பிணியிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார். என்னைக் கேட்டால் பயிற்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் தனிமை. எடை பார்க்க, சிறுநீர்ப் பரிசோதனைக்கு என்று கர்ப்பிணியை மட்டும் உள்ளே அழைக்கலாம். பேச்சு வந்த குழந்தை இடுப்பில் இருந்தால் அன்று கேட்கவே கூடாது. அது வீட்டில் போய் அப்படியே சொல்லும். அடுத்தது கேள்வி. "வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா?" என்றால் "ஒண்ணுமில்லக்கா" என்பதே பதில். அறை வாங்குவதை அவர் பிரச்சனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "கோபம் வந்தா கை நீட்டுவாரா? கழுத்தைப் பிடிச்சிருக்காரா? செலவுக்குக் காசு கேட்டா என்ன பண்ணுவாரு?" என்று செயலைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கழுத்துக் கேள்வியை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ 7 மடங்கு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. வெளியே தடமே இல்லாமலும் போகலாம். குரல் கம்மியது, விழுங்கினால் வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தன்னையறியாமல் சிறுநீர் போனது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கேட்ட பிறகு நடக்கும் தவறுகள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. நல்ல மனசோடு கணவரைக் கூப்பிட்டுப் புத்தி சொல்கிறார்கள். அன்று இரவு அதற்கும் சேர்த்து அடி விழுகிறது. தாய் சேய் நல அட்டையில் குறித்து வைக்கிறார்கள். அந்த அட்டை இருப்பது வீட்டு அலமாரியில். "அனுசரிச்சுப் போம்மா" என்பது எவ்வளவு தவறோ, "உடனே வெளியே வந்துடு" என்பதும் அவ்வளவு தவறு. பிரியும் நேரம்தான் உயிருக்கு மிக ஆபத்தான நேரம். எப்போது, எங்கே, ஆதார் அட்டையும் நகையும் யாரிடம் என்று திட்டம் போட்ட பிறகே கிளம்ப வேண்டும். பெண்கள் உதவி எண்ணான 181ஐத் துண்டுச்சீட்டில் எழுதித் தராமல், மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். மூன்று இலக்கம்தானே.

வன்முறை பற்றிப் பாதுகாப்பு அலுவலரிடம் (இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவ அரசு நியமித்தவர்) தகவல் சொன்னால் நம்மீது வழக்கு வருமோ என்று பல ஊழியர்கள் பயப்படுகிறார்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பயிற்சியில் ஒரு பிரிவைத்தான் சொல்ல நேரம் உண்டென்றால் இதைச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் ஹாக்னி, பிரிஸ்டல் பகுதிகளில் குடும்ப மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, முடிவை 2011இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற 24 மருத்துவ நிலையங்களிலிருந்து ஓராண்டில் 223 பரிந்துரைகள் உதவி அமைப்புக்குப் போயின. பெறாத 24இலிருந்து வெறும் 12. அங்கே வகுப்பு எடுத்தவரே பரிந்துரைக்கப்பட்ட பெண்களுக்கும் பொறுப்பாக இருந்தார். யாரிடம் அனுப்புகிறோம் என்று மருத்துவருக்கு முகம் தெரியும்.

நம் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தின் ஆலோசகரும் அப்படி வகுப்புக்கு வந்து உட்காரட்டும். மதியம் முழுக்க இருவர் இருவராகக் கேட்டுப் பழகட்டும், ஒருவர் கர்ப்பிணியாக, இன்னொருவர் செவிலியராக. கலைவதற்கு முன் அந்த அலுவலரின் எண்ணை எல்லோரும் கைபேசியில் பதிந்து, அங்கேயே ஒருமுறை அழைத்துப் பார்க்கட்டும்.