கார்டை எண்ணுகிறோம், குழந்தையை எண்ணுவதில்லை

எங்கள் தெருவில் ஒரு வீடு. மாமனார், மாமியார், மகன், மருமகள், ஒன்றரை வயதுப் பேரன், எல்லோரும் ஒரே ரேஷன் கார்டில். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாமியார் கணக்கில் விழுகிறது. அதில் மாத்திரை வாங்குகிறார், சீட்டுக் கட்டுகிறார். தப்பே இல்லை, அது அவருடைய பணம். ஆனால் பேரனுக்குப் பால் வாங்க மருமகள் இன்னும் புருஷன் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2023 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியபோது, 'எல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்' என்றவர்களோடு டீக்கடையில் சண்டை போட்டவன் நான். (அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் டாஸ்மாக் வாடிக்கையாளர்கள் என்பது வேறு கதை.) என் குறை வேறு. கார்டுக்கு ஒரு பெண் என்பதுதான் அதன் கணக்கு. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, மூன்று பிள்ளைகளா, பிள்ளையே இல்லையா என்று அது கேட்பதில்லை.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். குழந்தையின் ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு அதன் கடைசித் தவணை முடிந்துவிடும். அப்புறம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான உதவி மாதிரி சிலவற்றை விட்டால், நடுவில் 17 வருடம் கைக்காசு கிடையாது. அங்கன்வாடி முட்டையையும் சத்துமாவையும், பள்ளியின் காலை உணவையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி காய்ச்சலுக்கு ஆட்டோ பிடிக்க சத்துமாவு உதவாது.

பிரிட்டனில் 1945-ல் குடும்பப் படிச் சட்டம் வந்தபோது, மசோதாவில் பணம் தகப்பன் பேரில்தான் இருந்தது. எலினார் ராத்போன் என்ற எம்.பி. விடாமல் சண்டை போட்டார். தாய் பேருக்கு மாறியது. இரண்டாவது குழந்தையிலிருந்து தலைக்கு வாரம் 5 ஷில்லிங். முதல் குழந்தையை விட்டது கஞ்சத்தனம்தான். ஆனாலும் பிள்ளைகளை எண்ணித்தான் கொடுத்தார்கள்.

இங்கேயும் ஐந்து வயது வரை பிள்ளைக்கு இவ்வளவு என்று பெற்றவள் கணக்கில் போடலாம். அங்கன்வாடி வருகைப் பதிவு மாதிரி நிபந்தனை வேண்டாம். வைத்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூலிவேலைக்குப் போகிறவளுக்குத்தான் முதலில் பணம் நின்றுபோகும். சரி, காசுக்கு எங்கே போவது? உரிமைத் தொகையை ஏற்றுவோம் என்று எந்தக் கட்சி சொன்னாலும், ஏற்றுகிற அந்தக் காசைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குத் திருப்புங்கள் என்பேன்.

பட்டியல்கூடப் புதிதாக எடுக்க வேண்டாம். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது வாங்கும் பிக்மி எண் இல்லாமல் இங்கே பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. அந்த மருமகளின் எண்ணும், மகப்பேறு நிதி வந்த அவளுடைய வங்கிக் கணக்கும் அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன.