பெல் பட்டனை அமுக்கியாச்சு, பதில் எங்கே?

அம்மாப்பேட்டைக் கல்யாணம் ஒன்றை எடிட் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் போனில் எடுத்த கிளிப். தொடக்கத்தில் சரியாக இருக்கும் ஒலி போகப் போக நழுவுகிறது. தாலி கட்டி முடித்து மாப்பிள்ளை வியர்வை துடைக்கும்போதுதான் கெட்டிமேளம் கேட்கிறது.

சரி, யூடியூபில் தேடலாம் என்று உட்கார்ந்தால் 22 நிமிட வீடியோ. வணக்கம் நண்பர்களே, சப்ஸ்கிரைப், பெல் பட்டன், அப்புறம் அவர் புதிதாக வாங்கிய மைக்கின் பெருமை. 9ஆவது நிமிடத்தில் காட்டும் மெனு, நான் எடிட் செய்யும் டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேரில் இல்லவே இல்லை; அவருடையது பழைய வெர்ஷன். அடுத்தவரோ, தீர்வு என் கோர்ஸில் இருக்கிறது என்கிறார்.

விஷயம் இரண்டே வரி. பல போன்கள் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கில், பதிவு செய்வதில்லை, கூடும், குறையும்; ஒலி நழுவுவது அதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட் போட்டு மாற்றிவிட்டு டைம்லைனில் வைத்தால் போதும். இதைச் சொல்ல எதற்கய்யா ட்ரோன் ஷாட்?

சேலம் ஏற்காடு ரோட்டில், அந்தக் கால சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம் தோன்றும்: அங்கே பிலிமை வெட்டி ஒட்டியவர்களுக்கு, பக்கத்தில் நின்று தலையில் குட்டிச் சொல்லித்தர ஒருவராவது இருந்திருப்பார். எனக்கு வாய்த்தது ஸ்கிப் செய்ய முடியாத இரண்டு விளம்பரம்.